கூந்தலும் வாய்மையும்

(ஐரோலியில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

நான் புலவன் அல்லன். மேடைப் பேச்சில் பழகியவனும் அல்லன். மெட்ரிக் படிப்போடு பள்ளியை விட்டு, ரெயில்வே பார்சல் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சீட்டு எழுதிவரும் ஓர் எழுத்தன். இம்மேடையில் ஆண்டுதோறும் குறளையும் சிலம்பையும் பற்றிப் பேரறிஞர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நீங்கள். அத்தகைய அவையில் தலைக்குத் தேய்க்கும் சீயக்காயையும், கையால் செய்யும் ஷாம்பூக் கட்டியையும் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் கட்டளையிட்டபோது சற்றே தயங்கினேன். ஆனால் எண்ணிப் பார்த்தால் நம் இலக்கிய மரபிலேயே கூந்தலைப் பற்றி ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது அல்லவா? அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மதுரையில் பாண்டியனுக்கு ஓர் ஐயம் எழுந்தது. மகளிர் கூந்தலுக்கு மணம் இயற்கையில் உண்டா, அன்றிப் பூவாலும் சாந்தாலும் வருவதா என்பதே அந்த ஐயம். இறைவன் பாட்டெழுதித் தருமியிடம் கொடுத்தனுப்பினான். குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக இன்றும் இருப்பது அதுவே என்பர். நக்கீரர் அப்பாட்டில் பொருட்குற்றம் கண்டார். இறைவனே நேரில் வந்து நெற்றிக் கண்ணைக் காட்டியபோதும் அவர் தம் சொல்லை மாற்றவில்லை. வெப்பம் தாங்காது பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்தார் என்பது திருவிளையாடல் கூறும் கதை. எதிரே நிற்பவர் யார் என்று பாராது, கூந்தலைப் பற்றி உண்மையல்லாத ஒன்றை ஒப்புக்கொள்ள மறுத்த புலவரின் வழிவந்தவர்கள் நாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் முடிவில் மீண்டும் இங்கேயே வந்து நிற்பேன்.

ஷாம்பூ என்ற சொல் மேல்நாட்டார் தந்தது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போன சொல். பிடித்துவிடுதல், அழுத்துதல் என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது. 1759ஆம் ஆண்டில் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகம்மது என்பவர் இங்கிலாந்து சென்று, 1814ஆம் ஆண்டளவில் பிரைட்டன் என்னும் கடற்கரை நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் நடத்தினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களும் அவரைத் தமக்கென அமர்த்திக்கொண்டனர். பிற்காலத்திலே உடம்பு பிடிப்பது என்ற பொருள் நழுவி, தலை கழுவுவது என்ற பொருள் மட்டும் நின்றது. நம் பம்பாயிலோ பழைய பொருள் இன்னும் சாகவில்லை. சௌபாத்திக் கடற்கரையில் எண்ணெய்ச் சீசாக்களோடு 'சம்பி' என்று கூவிவந்தவர்களைக் கண்டவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். 1957ஆம் ஆண்டில் வந்த 'பியாசா' படத்தில் ஜானி வாக்கர் அவ்வேடத்தையே ஏற்று நடித்தார்.

இனி நம் தாய்மார் தலை கழுவிய முறையைப் பார்ப்போம். சீயக்காய், பூந்திக்கொட்டை இவற்றில் நீரோடு சேர்ந்தால் நுரைக்கும் சப்போனின் என்னும் பொருள் இருக்கிறது. அதுவே எண்ணெயையும் அழுக்கையும் பிரித்து நீரோடு அனுப்புகிறது. கொங்கு நாட்டிலே அரப்பு என்றும், மதுரைப் பக்கம் உசிலை என்றும் வழங்குவது ஒரே மரத்தின் இலைப்பொடி. உசிலம்பட்டி அம்மரத்தால் பெயர் பெற்ற ஊர். செம்பருத்தி இலையும் ஊறிய வெந்தயமும் வழவழப்பைத் தந்து சிக்கை நீக்கும். வடித்த கஞ்சியில் சீயக்காயைக் கரைப்பதும் அதற்காகவே. இவையெல்லாம் மூடநம்பிக்கை அல்ல; கைகண்ட அறிவு. 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்ற பழமொழியும் இந்த எண்ணெய் முழுக்கை மனத்தில் கொண்டு எழுந்ததே.

இவ்வறிவு நமக்கு மட்டும் உரியது என்று இறுமாக்க வேண்டியதில்லை. நம் அண்டை வீட்டு மராத்தியச் சகோதரிகள் 'சிகேகாயி' என்றும் 'ரிட்டா' என்றும் அதே காய்களைச் சொல்லுகிறார்கள். தீபாவளி நாளில் விடியுமுன் நாம் எண்ணெய் தேய்த்துக் கங்கா ஸ்நானம் செய்யும்போது, அவர்கள் 'உட்டணே' என்னும் நறுமணப் பொடி பூசி அப்யங்க ஸ்நானம் செய்கிறார்கள். ஒரே கட்டடத்தில், ஒரே நாழிகையில், இரு மொழிக் குடும்பங்கள் ஒரே நீராட்டை ஆடுகின்றன.

அப்படியிருக்க, நம் வீடுகளிலிருந்து சீயக்காய் ஏன் போயிற்று? நாகரிக மோகம் என்று சிலர் பெண்களின் மேல் பழியைப் போடுகிறார்கள். அது நியாயமன்று. என் தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். அங்கே பொதுக் குழாயில் விடியற்காலையில் சிறிது நேரமே நீர் வரும். ஐந்து பேருக்கு மூன்று குடம். அரைத்த சீயக்காயின் திப்பியும் தூளும் முடியை விட்டுப் போக ஒருவருக்கே ஒரு குடம் வேண்டும்! என் தமக்கை ஈரத் தலையோடு பள்ளிக்குப் போனால், 'இது என்ன நாற்றம்?' என்று பக்கத்துப் பெண்கள் மூக்கைப் பிடித்ததாகக் கூறி அழுவாள். நீரும் நேரமும் இல்லாத ஊர் இது. காலை வண்டியைப் பிடிக்க ஓடும் பெண்ணிடம் போய் எண்ணெய் முழுக்கின் பெருமையைப் பேசிப் பயனில்லை.

அவ்விடைவெளியில் நுழைந்ததுதான் சின்னஞ்சிறு ஷாம்பூப் பை. அதைப் பரப்பியவரும் ஒரு தமிழரே. கடலூர் சின்னிகிருஷ்ணன், செல்வர் வீட்டுப் பொருள் ஏழைக்கும் கிட்டவேண்டும் என்று கருதிச் சிறு பைகளில் அடைத்து விற்கும் முறைக்கு வழிகாட்டினார். அவர் மைந்தர் சி. கே. ரங்கநாதன் 1983ஆம் ஆண்டில் 15,000 ரூபாய் முதலோடு தொடங்கிய தொழில் 'சிக்' ஷாம்பூவாகி நாடெங்கும் பரவியது. என் தமக்கையின் கண்ணீரைத் துடைத்தது அந்தச் சிறு பை என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். ஆனால் கிழித்தெறிந்த பை மட்கவில்லை. 2005ஆம் ஆண்டு ஜூலை 26இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, சாக்கடைகளை அடைத்துக்கொண்ட பிளாஸ்டிக்கும் வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று பேசப்பட்டதை நாம் மறக்கவில்லை.

பை வேண்டாம், நேரமும் நீரும் மிகுதியாகச் செலவாகக் கூடாது, தாய்மார் கண்ட பொருள்களும் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் என் துணைவியார் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஐரோலி வீட்டுச் சமையலறையில் ஷாம்பூக் கட்டி செய்யத் தொடங்கினார். முறையைக் கேட்க ஆவலாயிருப்பீர்கள், சுருங்கச் சொல்லுகிறேன்.

தேங்காய் எண்ணெய் 500 கிராம், நல்லெண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 200 கிராம். இந்த ஒரு கிலோவைக் கட்டியாக்கக் காஸ்டிக் சோடா ஏறக்குறைய 149 கிராம், நீர் 300 கிராம். தேங்காய் எண்ணெய் நுரையைத் தரும். விளக்கெண்ணெய் அந்நுரையை நிலைநிறுத்தும். நல்லெண்ணெய் மென்மை தரும். ஒவ்வோர் எண்ணெய்க்கும் சோடாவின் அளவு வேறு. ஆதலின் கண்ணளவு கையளவு இங்கே செல்லாது; தராசு வேண்டும். கணக்கிட்ட அளவில் நூற்றுக்கு ஐந்து பங்கு சோடாவைக் குறைத்துப் போட்டால் சிறிது எண்ணெய் மிஞ்சி நிற்கும், அதுவே காப்பு. மேலே சொன்ன 149 கிராம் அவ்வாறு குறைத்த பின் வந்த அளவாகும்.

இங்கே தாய்மார்களை எச்சரிக்க வேண்டும். சோடாவை நீரில் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, சோடாவின்மேல் நீரை ஊற்றலாகாது; கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது, எவர்சில்வரே தக்கது. கண்ணாடியும் கையுறையும் அணியாமல் தொடக்கூடாது. குழந்தைகள் அறைக்குள் வரக்கூடாது. மேலே பட்டால் புளியும் எலுமிச்சையும் தேடி ஓடாமல், ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்லவேண்டும். என் துணைவியாரின் இடக்கை மணிக்கட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. முதல் மாதத்தில் கையுறை எதற்கு என்று இருந்ததன் அடையாளம் அது.

சோடா நீரும் எண்ணெயும் வெதுவெதுப்பாக ஆறியபின் கலந்து, கரண்டியால் விட்டால் மேலே கோடு நிற்கும் பதம் வரும்வரை கடைந்து, சீயக்காய்ப் பொடியும் செம்பருத்தி இலைப்பொடியும் சேர்த்து அச்சில் ஊற்றுவார். ஓரிரு நாளில் கட்டியாகும். துண்டு போட்டுக் காற்றோட்டத்தில் நான்கு முதல் ஆறு வாரம் உலரவிட வேண்டும். பம்பாய் மழைக்காலத்தில் இன்னும் கூடுதல் நாள் பிடிக்கும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 100 கிராம் எடையில் பன்னிரண்டு கட்டி தேறும். நாங்கள் விற்றபோது ஒரு கட்டிக்குப் பொருட்செலவு 40 ரூபாய், விலை 90. ஐம்பது ரூபாய் இலாபம் என்று அவசரப்படாதீர்கள். உழைத்த நேரத்துக்குக் கூலி போட்டு, உடைந்ததையும் பூஞ்சை பிடித்ததையும் கழித்தால் எஞ்சுவது சொற்பமே. தம் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் இலாபம் கண்டதாக மகிழும் சகோதரிகளுக்கு இதைச் சொல்லுகிறேன்.

இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும். கட்டியைச் செய்தவர் அவர். காகிதம் சுற்றிச் சீட்டு எழுதியவன் நான். கையெழுத்து அழகாயிருக்கும் என்ற கர்வம் வேறு. கடைகளில் விற்கும் கட்டிகளின் மேலட்டைகளைப் பார்த்து நானும் மூன்று வரி எழுதினேன். 'தூய சீயக்காய்க் கட்டி', 'ரசாயனம் அற்றது', 'முடி உதிர்வதை நிறுத்திப் புதுமுடி வளர்க்கும்' என்பனவே அவை. 'மூன்றாவது வரி உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று என் துணைவியார் கேட்டார். 'எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள்' என்று விடையிறுத்தேன்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு மராத்தியச் சகோதரி இருக்கிறார். என் துணைவியாரை 'வஹினி' என்று, அதாவது அண்ணி என்று, வாய்நிறைய அழைப்பவர். ஓர் ஆண்டு மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலில் கிடந்து எழுந்தார். தீபாவளி சமயம் அவருடைய முடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கிற்று. சீட்டைப் படித்து நான்கு கட்டி வாங்கிப் போனார். தை பிறந்தபின் ஒரு மாலை வந்து, செய்தித்தாளில் மடித்திருந்த முடிச்சுருளைப் பிரித்துக் காட்டினார். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. 'வஹினி, நான் தவறாகத் தேய்க்கிறேனா?' என்று மட்டும் கேட்டார். மருத்துவரிடம் போனீர்களா என்றதற்கு, 'இதுதான் இருக்கிறதே என்று போகவில்லை' என்றார்.

மறுநாளே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து இவ்வாறு முடி உதிர்வது உண்டென்றும், பெரும்பாலும் சில திங்களில் தானே நின்று மீண்டும் வளருமென்றும் அவர் விளக்கினார். ஆனால் குருதியைச் சோதித்தபோது இரும்புச் சத்து மிகக் குறைந்திருந்தது. படியேறினால் மூச்சு வாங்குவதைக் காய்ச்சலின் அலுப்பு என்று அச்சகோதரி எண்ணியிருந்தார். என் மூன்றாவது வரியை நம்பி மூன்று மாதம் அவர் அந்த நோயோடு இருந்திருக்கிறார். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

கதை இதோடு முடியவில்லை. மருந்து உண்டு அவர் தேறினார். ஆடி மாதத்திற்குள் நெற்றியோரத்தில் குறுமுடி கருகருவென்று கிளம்பிற்று. அவரோ எல்லாம் வஹினியின் கட்டியால் வந்தது என்று கட்டடம் முழுவதும் சொல்லி வைத்தார்! ஒரே வாரத்தில் நாற்பது பேர் கட்டி கேட்டனர். எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். என் துணைவியார் ஒவ்வொரு மாடியாக ஏறி, 'காய்ச்சலால் போனது தானே வந்தது. இரும்புச் சத்து மருந்தால் உடம்பு தேறியது. எங்கள் கட்டி அழுக்கை எடுக்கும், அவ்வளவே' என்று சொல்லி வந்தார். நாற்பது பதினொன்றாயிற்று. 'இப்படிச் செய்யலாமா?' என்று கேட்டேன். 'அவருக்கு முடி உதிர்ந்தபோது அது நம் கட்டியால் இல்லை என்று தெரிந்து ஆறுதல் அடைந்தீர்களே. வளர்ந்ததும் நம் கட்டியால் இல்லைதானே?' என்றார். பார்சல் அலுவலகத்தில் பெட்டிக்குள் ஒன்றும் சீட்டில் வேறொன்றும் இருந்தால் அதை ஏற்க மறுப்பவன் நான். என் வீட்டுச் சீட்டில் அந்த நீதியை மறந்தேன் என்பதை அப்போது உணர்ந்தேன்.

அதன்பின் மற்ற இரண்டு வரிகளையும் ஆராய்ந்தோம். 'ரசாயனம் அற்றது' என்பது பொய். காஸ்டிக் சோடா ரசாயனமே. அளவு சரியாயிருந்து முழுதும் எண்ணெயோடு சேர்ந்துவிட்டால் கட்டியில் தனிச்சோடா மிஞ்சாது என்பதே உண்மை. 'தூய சீயக்காய்' என்பதும் பொய். சீயக்காய்க் கரைசல் சற்றே புளிப்புத்தன்மை உடையது. தலைமுடிக்கும் அதுவே இசைவானது. சோப்பு எப்படிச் செய்தாலும் காரத்தன்மை உடையது. சோப்பில் கலந்த சீயக்காய் அதன் மென்மையை இழந்துவிடுகிறது. காரத்தில் முடியின் மேற்செதில்கள் எழும்பிச் சொரசொரப்பாகும். ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் கடினமானவை. அவற்றில் சோப்பு வெள்ளைப் பிசினாகத் தலையில் படியும். அணைநீரில் இத்தொல்லை குறைவு. சோப்புக் கட்டியால் கழுவியபின் ஒரு சொம்பு நீரில் சிறிது எலுமிச்சைச் சாறு கலந்து அலசினால் இக்குறை பெரிதும் நீங்கும். காரமில்லாத ஷாம்பூக் கட்டிகளும் கடைகளில் உள்ளன. அவை சோப்பு அல்ல. தேங்காய் எண்ணெயிலிருந்து ஆலையில் ஆக்கிய வேறு நுரைப்பொருளால் ஆனவை. சனி, வெள்ளிகளில் ஓய்விருக்கும் வீட்டில், எந்தக் கட்டியையும்விட மாதுங்கா கடையில் சீயக்காய் வாங்கி வெயிலில் காயவைத்து அரைத்த பொடியே மேல். விற்பவர் வீட்டிலிருந்து வந்தவனாகிய நானே இதைச் சொல்லுகிறேன்.

முடியின் இயல்பையும் அறிந்துகொள்ளுங்கள். தோலுக்கு வெளியே நாம் காணும் முடி உயிரற்ற இழை. உயிர் உள்ளே வேரில் இருக்கிறது. வெளியே தேய்த்துக் கழுவிவிடும் கட்டி இழையைத் தூய்மை செய்யலாம், பளபளப்பாக்கலாம், மணமூட்டலாம். புதுமுடியை வளர்க்க அதற்கு ஆற்றலில்லை. நக்கீரர் அன்று கூந்தலின் மணத்தைப்பற்றிச் சொன்ன நெறியும் இதுவே. வெளியிலிருந்து வருவது எது, உள்ளிருந்து வருவது எது என்று பிரித்துச் சொல்லுதலே வாய்மை.

சட்டமும் இதையே சொல்லுகிறது என்பதைப் பின்னரே அறிந்தோம். 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் சட்டமும், 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளும் பொய்யான உரிமைகளைச் சீட்டில் எழுதுவதைத் தடுக்கின்றன. அதைவிடப் பெரிய செய்தி, விற்பனைக்காகச் செய்ய உரிமம் வேண்டும் என்பது. குடியிருப்போடு இணைந்த இடத்தில் செய்யக்கூடாது. வேதியியலை ஒரு பாடமாகக் கொண்டு இடைநிலைத் தேர்வு தேறியவரோ மருந்தாளுநரோ மேற்பார்வையிட வேண்டும். தொகுதி எண், செய்த நாள், சேர்ந்த பொருள்கள், செய்தவர் முகவரி யாவும் சீட்டில் இருக்கவேண்டும். இவற்றை அறிந்த அன்றே என் துணைவியார் விற்பனையை நிறுத்தினார். இப்போது எங்கள் வீட்டுக்கு மட்டுமே செய்கிறார்.

அவையோர்களே! இங்கேதான் என் விண்ணப்பம். ஐரோலியிலும் செம்பூரிலும் தாராவியிலும் இக்கைத்தொழிலைத் தனித்தனியே அடுப்பங்கரையில் ஒளித்துச் செய்யும் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். ஒருவரால் உரிமத்துக்கு உரிய இடம் பிடிக்க இயலாது. பத்துப்பேர் கூடினால் ஒரு சிறு அறை எடுக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் பெண்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. சோப்புத் தொழிலைக் கிராமத் தொழிலாக ஏற்று ஊக்கும் கதர், கிராமத் தொழில் ஆணையத்தின் தலைமை அலுவலகம் நம் பம்பாயில் விலேபார்லேயில்தான் இருக்கிறது. நம் சங்கம் மகளிர் குழு ஒன்றை அமைத்து, உரிமத்துக்கான தாள்களை எழுதும் பொறுப்பை என்னிடம் தருமானால், அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் அதை முடித்துத் தருவேன். தாள் எழுதுவதொன்றே எனக்குத் தெரிந்த தொழில்.

குழு அமையுமானால் சீட்டில் எழுதவேண்டிய வரியை என் துணைவியார் இப்போதே சொல்லிவிட்டார். 'தலை அழுக்கை நீக்கும் சோப்புக் கட்டி. எலுமிச்சை நீரில் அலசுக. முடி மிகுதியாக உதிர்ந்தால் மருத்துவரைக் காண்க.' இவ்வளவே. இப்படி எழுதினால் விற்குமா என்று கேட்பீர்கள். நாற்பது பேரில் பதினொருவர் உண்மையைக் கேட்டபிறகும் வாங்கினார்களே! அந்தப் பதினொருவரை நம்பித் தொழிலைத் தொடங்கலாம் என்பது எங்கள் துணிபு.